விசேஷமும் பிரதியும்

மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் வட்டுக்கோப்பை எடுத்து, ஓர் எழுத்தும் பிசகாமல் பிரதி செய்து, அதனை இரண்டாவது வட்டாக விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் சேர்க்க முயன்றால், அவ்வடையாளத்தோடு ஒரு வட்டு முன்னமே உள்ளது என்று அது மறுத்துவிடும். வட்டைக் குறிக்கும் 128 பிட் எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், உள்ளடக்கத்தோடு அடையாளமும் சேர்ந்தே பிரதியாகிறது. புதிய எண் ஒன்றை எழுதிக் கொடுத்த பின்னரே மென்பொருள் பிரதியை ஏற்கிறது. யாவற்றினும் ஒத்த இரண்டை இரண்டாக்குவது எது?

1861இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் வரிசையில் ஜயநாராயண தர்க்கபஞ்சானனர் தம் உரையோடு பதிப்பித்த வைசேஷிக தரிசனத்தின் ஜீவநாடியே இக்கேள்விதான். ஒரே ஜாதியைச் சேர்ந்த பரமாணுக்கள் குணத்தாலும் கிரியையாலும் பேதமற்றவையாயினும், ஒவ்வொன்றிலும் அதனைப் பிறவற்றினின்று வேறாக்கும் நித்தியமான ஒரு விசேஷம் உறைகிறது என்பது அத்தரிசனம். அத்தரிசனத்தின் பழைய ஆசிரியர் பிரசஸ்தபாதர் இதற்கு யோகியின் காட்சியைச் சான்றாக்குகிறார்: இது வேறு, அது வேறு என்று யோகி உணர்வதற்கும், வேறொரு தேசத்தில், வேறொரு காலத்தில் கண்ட அணுவே இது என்று மீண்டும் அறிவதற்கும் அவ்விசேஷமே காரணம்.

பதினாறாம் நூற்றாண்டில் நவத்வீபத்துத் தர்க்க அறிஞர் ரகுநாத சிரோமணி இவ்விசேஷக் கொள்கையை மறுத்தார். விசேஷங்கள் தம்முள் தாமே வேறுபடக்கூடுமாயின், அணுக்களும் அவ்வாறே வேறுபடட்டுமே, இடையே தனிப் பதார்த்தம் எதற்கு என்பது அவர் வாதம். உண்மை நிலையைப் பொறுத்தவரை அவரே வென்றார் என்று கருதுகிறேன். எண் மாறுமுன்னரே இரு கோப்புகளும் இரண்டு இடங்களில் கிடக்கின்றன அல்லவா? ஆனால் ஒரு கோப்பை இன்று கழற்றி, வேறிடம் மாற்றி, நாளை மீண்டும் பொருத்தும்போது, அதுவே இது என்று மென்பொருள் துணிவதற்கு எண்ணே வேண்டியிருக்கிறது. யோகியின் இரண்டாவது அறிவு அது. அங்கே பிரசஸ்தபாதரின் பக்கமே நியாயம் நிற்கிறது. எனினும் பிரதி செய்யத்தக்க எதுவும் மெய்யான விசேஷமாகாது. ஆகவேதான் எண்ணைப் பராமரிப்பவர் வெளியிலிருந்து புதுப்பிக்க வேண்டியதாகிறது.

கல்கத்தாவில் பிறந்த இயற்பியலாளர் சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை, வைசேஷிகருக்கு இதைவிடக் கடுமையான சோதனை. அதிலிருந்து வளர்ந்த கணக்குப்படி, இரண்டு ஒளித்துகள்களை இரண்டு நிலைகளில் வைக்கும் வகைகள் மூன்றே. ஒவ்வொரு துகளிலும் மறைவாகவேனும் ஒரு விசேஷம் இருந்திருந்தால் வகைகள் நான்காக வேண்டும். ஒளியை நோக்கும் யோகிக்கு, அதுவே இது என்று சொல்லும் அதிகாரமே இல்லை. வட்டின் நிலை வேறு. இயக்கத் தொடங்கிய கணத்திலிருந்து மூலத்திலும் பிரதியிலும் வெவ்வேறு பதிவுகள் ஏறத் தொடங்குகின்றன. புதிய எண், வரவிருக்கும் அந்தப் பேதத்துக்கு முன்கூட்டியே இடம் செய்து வைக்கிறது.