அழாமல் அழவைப்பது பொய்யாகுமா?

பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் ஒரு தவக்காலத்தின்போது பாஸ்கா நாடகத்திற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வியாகுல மாதாவாக நடிக்க ஓர் இளம்பெண் முன்வந்திருந்தாள். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மகனை மடியில் கிடத்தி அன்னை பாடும் புலம்பலே அந்நாடகத்தின் உச்சம். முதல் நாளே அவள் தேம்பித் தேம்பிப் பாடினாள். நாம் மகிழ்ந்துபோனோம். "இன்னும் உணர்ந்து பாடு மகளே, இன்னும் உரக்கப் பாடு" என்று தூண்டினோம். ஐந்தாம் நாள் அவளுக்குக் குரல் எழவில்லை. காற்று மட்டுமே வந்தது. "சாமி, வீட்டுல தண்ணி கேக்கக்கூட பிள்ளையால வாய் திறக்க முடியல" என்றார் அவளது தந்தை. அவர் நம்மைக் குறை கூறவில்லை. எனினும் குற்றம் நம்முடையது என்பதை நாம் அறிந்தோம்.

ஆர்மோனியம் வாசித்த முதியவர் அப்போது ஒன்று சொன்னார்: "பாடுறவ அழக்கூடாது சாமி. அழவேண்டியது எதிர்ல உக்காந்திருக்கிற சனம்." இச்சொல் நம்மை நெடுநாள் உறுத்தியது. தான் அழாமல் பிறரை அழவைப்பது ஒருவகை ஏமாற்று அல்லவா? அதிலும் ஆண்டவரின் பாடுகளை முன்னிட்டு அவ்வாறு செய்யலாமா?

முதியவரின் சொல்லுக்குப் பின்னால் நம் தமிழ் நாடக மேடையின் பட்டறிவு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசை நாடக மரபில் நடிகருக்குக் குரலே முதல். செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாட, அவர் ஐந்து கட்டையில் பாடினார் என்று இன்றும் வியந்து பேசுகின்றனர். அத்தகைய பாட்டைக் கூச்சலால் பாட இயலாது. மூச்சை நெஞ்சின் மேற்புறத்தில் அடைக்காமல், விலா விரிய ஆழமாக இழுத்து, சிறுகச் சிறுகச் செலவிட வேண்டும். கழுத்தும் தாடையும் இறுகலாகாது. மெய்யெழுத்தில் முட்டி நிற்காமல் உயிரெழுத்தில் குரலை நீட்ட வேண்டும். தொடக்கத்திலேயே அனைத்தையும் கொட்டிவிடாமல் உச்சத்திற்கென வலிமையைச் சேமிக்க வேண்டும். பயின்ற குரலில் நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகள் கொண்ட பகுதி ஓங்கி நிற்பதாகவும், மனிதச் செவி அப்பகுதியை எளிதில் பற்றிக்கொள்வதாகவும் ஒலியியலார் கூறுகின்றனர். ஆகவே குரல் தொலைவு செல்வது வெறும் பலத்தால் அன்று.

அழுகையோ இவை அனைத்தையும் குலைத்துவிடுகிறது. அழும்போது தொண்டை அடைக்கிறது, மூச்சு துண்டுபடுகிறது. அந்நிலையில் உரக்கப் பாட முயன்றால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்குகின்றன. அவ்விளம்பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. உணர்ச்சி மிகுந்தால் பாட்டும் உயரும் என்று எண்ணிய நம் அறியாமைக்கு அவளது தொண்டை விலை கொடுத்தது.

ஆயினும் நமது ஐயம் முழுதும் நீங்கவில்லை. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மிகுதியாக ஈர்த்த வேளைகளைப் பாவமெனக் கருதி வருந்துகிறார். திருத்தந்தை பத்தாம் பத்திநாதரும் 1903-இல் நாடகப் பாணி இசை திருவழிபாட்டுக்குப் பொருந்தாது என்று எச்சரித்தார். அழகிய குரல் தன்னையே காட்டிக்கொள்ளும் ஆபத்து மெய்யானது. மேலும், நம் ஆண்டவர் சிலுவையில் எழுப்பிய பெருங்குரல் எந்தப் பயிற்சியின் விளைவு? அது அளந்து எழுப்பிய குரல் அன்றே!

இங்குதான் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். துன்புறுபவர் வேறு, அத்துன்பத்திற்குச் சான்று பகர்பவர் வேறு. துன்புறுபவரின் கதறலுக்கு எந்த இலக்கணமும் இல்லை. யாரும் அதைத் திருத்தலாகாது. ஆனால் அதைப் பிறரிடம் கொண்டு சேர்ப்பவர் தம் கண்ணீரில் தடுமாறினால், மக்களின் கவனம் அன்னையை விட்டு அவர்மேல் திரும்பிவிடும். இளம் குழந்தையை அடக்கம் செய்யும்போது குருவானவர் விம்மி நின்றுவிட்டால், பெற்றோருக்காக மன்றாடும் குரல் எங்கிருந்து வரும்? அவ்வேளையில் நம் குரலை நாம் அடக்கிப் பிடிப்பது பொய்மையால் அன்று. அவர்கள் சாய்ந்துகொள்ள ஏதேனும் ஒன்று நிலைத்து நிற்க வேண்டும் என்பதால்தான்.

அதேவேளை, ஒருபோதும் அழாதவன் கூலிக்கு மாரடிப்பவனாக மாறிவிடுவான் என்பதையும் மறப்பதற்கில்லை. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் கே.பி. சுந்தராம்பாள் வெள்ளையாடை உடுத்தினார். ஆண்களுடன் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். பின்னர் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் தாமே நந்தனாராக நடித்துப் பாடினார். துயரம் உண்மையாய் இருந்தது. அதைச் சுமந்த குரலும் நிலைகுலையவில்லை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

அவ்வாண்டு புலம்பலைப் பாடியவர் வேறொருவர். நாம் அப்பெண்ணிடமும் அவள் தந்தையிடமும் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த தவக்காலத்தில் அவளே மீண்டும் வந்தாள். அந்த முதியவரிடம் மூச்சுப் பயிற்சி பெற்றிருந்தாள். பெரிய வெள்ளியன்று இரவு உலர்ந்த கண்களோடு, நிதானமாகப் பாடினாள். கடைசிப் பாயில் அமர்ந்திருந்த கிழவிகள் வரை முந்தானையால் கண் துடைத்தார்கள். நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் சென்றபோது, அவள் மூலையில் அமர்ந்து தனியே அழுதுகொண்டிருந்தாள். நாம் ஒன்றும் சொல்லாமல் திரும்பினோம்.

அன்பர்களே, இறந்தோர் வீட்டிலும் நோயாளியின் படுக்கையருகிலும் நமக்கும் இப்பணி வருகிறது. அங்கு நம் கண்ணீரைச் சற்றுத் தள்ளிவைத்துப் பிறர் துயருக்கு இடம் தருவோம். பின்பு ஆண்டவர் திருமுன் தனித்திருக்கும்போது, தள்ளிவைத்ததை மறவாது சிந்துவோம்.