அறிதலும் பேணுதலும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் சாலையில் பொழுது புலருமுன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் விரைகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் இளையோர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்குத் துயிலெழும் மகளிர் பலரின் பெற்றோர் தொலைதூரச் சிற்றூர்களில் முதுமையை நோக்கி நடந்துகொண்டிருக்கின்றனர். அவர்களைப் பேணும் கடமை யாருடையது?

கல்வியுலகம் தன் பங்கைச் செய்யத் தொடங்கியுள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கான முதுநிலைப் பட்டப்படிப்பு 1996இல் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும், அமெரிக்காவின் ஹார்வர்டு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களும் கைகோத்து நடத்திய முதுமை ஆய்வின் முதற்சுற்று 2017–18இல் நடைபெற்றது. 45 வயதைக் கடந்தோரும் அவர்தம் துணைவருமாக 72,250 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய நினைவாற்றலும் கைப்பிடியின் வலிமையும் அளக்கப்பட்டன. விரல் நுனியிலிருந்து குருதித்துளிகளும் பெறப்பட்டன.

பெற்றோரைப் பேண அன்பு போதாதா, ஆய்வு எதற்கு என்று சிலர் வினவலாம். அறியாமையுள்ள அன்பு அறியாமலே காயப்படுத்தும். மறதி நோயைப் பிடிவாதம் என்றெண்ணி முதியவரைக் கடிந்துகொள்ளும் இல்லங்கள் எத்தனை! தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமை காட்டுமாறு சீராக்கின் ஞானம் பணிக்கிறது. அத்தளர்ச்சியை நோயென்று அறிந்தவனுக்கே அப்பொறுமை எளிதாகும்.

ஆயினும் அறிவே கடமையினின்று தப்பும் வழியாகிவிடவும் கூடும். பெற்றோருக்குரியதைக் ‘கொர்பான்’ என்று கூறிக் கடவுளுக்குக் காணிக்கையாக்கி, அவர்களைக் கைவிட்டோரை ஆண்டவர் இயேசு கண்டித்தார். கடவுளின் பெயராலேயே விலக்க இயலாத கடமையை, ஆய்வு நடக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, மாதந்தோறும் பணம் போகிறது என்னும் காரணங்களால் விலக்க இயலுமோ?

இதனால் பழியனைத்தையும் இளந்தொழிலாளியின் தோள்மீது ஏற்றுவது நீதியாகாது. அவள் அனுப்பும் ஊதியமும் அன்பின் வடிவமே. ஆனால் நோயுற்ற தாயைக் காண விடுப்பு வேண்டும். அதைத் தருவது அவளது இளமையால் வளரும் தொழிலின் கடன். அவள் வர இயலாத நாள்களில் அத்தாயின் வாசலில் நிற்பது பங்குச் சமூகத்தின் கடன்.

இன்னொன்றையும் எண்ணுவோம். ஆய்வுக்குக் குருதி ஈந்த மூதாட்டி, அதன் பயனைத் தாம் காண்பது அரிது. அது நாளை முதுமையடையவிருக்கும் நமக்கே உதவும். முதியோர் நம்மிடம் பெறுபவர் மட்டுமே என எண்ணுகிறோம். இறுதிவரை ஈபவர்களும் அவர்களே. ஆகவே நாம் அவர்களுக்குச் செய்வது இரக்கச் செயலன்று. கடனைத் திருப்பிச் செலுத்துதலே. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் நாள், ஆண்டுக்கு ஒருமுறை சூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. கடனோ நாள்தோறும் நம்முன் நிற்கிறது.