ரோஸ் அறை, நீல அறை

தென் கொரியப் புகைப்படக் கலைஞர் யூன் ஜோங்மி 2005-இல் தொடங்கிய படத்தொடருக்கு ‘ரோஸ், நீலத் திட்டம்’ என்று பெயர். அவருடைய ஐந்து வயது மகள் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் ரோஸ் நிறத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததே அதற்குக் காரணம். வேறு வீடுகளிலும் இதே அடம் இருப்பதைக் கண்ட யூன், சியோலிலும் நியூயார்க்கிலும் சிறுமிகளின் ரோஸ் அறைகளையும் சிறுவர்களின் நீல அறைகளையும் படமெடுத்தார். ஒரு பிள்ளைக்குச் சொந்தமான ஒரே நிறப் பொருள்களை எல்லாம் வெளியே எடுத்து, போர்வை, கோட்டு போன்ற பெரியவற்றை முதலில் வைத்து, சிறியவற்றைக் கட்டில்மேலும் தரையிலும் பரப்பினார். நடுவில், பெரும்பாலும் சிரிப்பில்லாத முகத்துடன், பிள்ளை.

பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை, பண்டிகைக்கு ஒரு சட்டை என்று வாங்கும்போது இந்தக் குவியல் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரே சட்டகத்துக்குள் வந்ததும் மூச்சு முட்டுகிறது. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ரோஸ் அறையில் சமையல் சாமான், ஒப்பனைப் பெட்டி; நீல அறையில் ரோபோ, டைனோசர். யாருக்கு எந்த வேலை என்பதும் நிறத்தோடு சேர்ந்தே விற்கப்படுகிறது.

இந்த நிற விருப்பம் பிறவியிலேயே வருவதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண் குழந்தைக்கு ரோஸைப் பரிந்துரைத்த அமெரிக்க வணிக இதழ்கள் உண்டு. பிறகு நிறங்கள் இடம் மாறி உறுதிப்பட்டன. அண்ணன் சட்டை தங்கைக்கு ஆகாது என்றானபோது, கடைக்கு ஒன்றுக்கு இரண்டு விற்பனை ஆயிற்று.

யூன் காட்டியது பொம்மை வந்து சேரும் அறைகளை; அதைச் செய்யும் கைகளைக் காட்டியவர், ஹாங்காங்கில் வாழ்ந்த ஜெர்மானியர் மைக்கேல் வுல்ஃப். கலிஃபோர்னியாவின் பழைய பொருள் கடைகளில் திரட்டிய சீனத் தயாரிப்புப் பொம்மைகளைப் பல்லாயிரக்கணக்கில் சுவர் முழுக்கப் பதித்து, அவற்றுக்கு நடுவே சீன ஆலைத் தொழிலாளர்களின் படங்களை வைத்தார். யூனின் அறைகளில் இல்லாத முகங்கள் இவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்தப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்பது அநியாயம். விளம்பரம் செய்பவரும் பணம் கொடுப்பவரும் பெரியவர்கள். படமெடுக்கச் சம்மதிப்பவர்களும் அவர்களே. பிள்ளைகளின் விருப்பம் அப்படியே நிற்பதும் இல்லை. யூன் சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளிடம் திரும்பப் போய், மாறிய விருப்பங்களையும் பதிவு செய்தார். பல சிறுமிகள் அதற்குள் ரோஸை விட்டு ஊதாவுக்குப் போயிருந்தார்கள்.