எப்படியும் அழியத்தானே போகிறது?

சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்து உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வந்து வாசலில் தயங்கி நின்றார். அவருடைய மூத்த மகனுக்குத் தலசீமியா நோய். மாதந்தோறும் இரத்தம் ஏற்றவேண்டும்.

“சுவாமி, மகளின்ர என்பு மச்சையை எடுத்து மகனுக்கு வைச்சால் சுகப்படுத்தலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். மூலக்கல வைத்தியமாம். அது பாவம், திருச்சபை தடைசெய்தது எண்டு ஆரோ சொல்லிச்சினம். நாங்கள் செய்யலாமோ?”

“தாராளமாகச் செய்யுங்கோ” என்றேன். ஆனால், ஒரு சொல் சரிவர விளக்கப்படாததால் இந்தத் தாய் எத்தனை இரவுகள் நித்திரையின்றிக் கிடந்திருப்பார் என்ற எண்ணம் நம்மை உறுத்தியது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

‘ஸ்டெம் செல்’ எனப்படும் மூலக்கலம், வேறு வகைக் கலங்களாக உருவெடுக்க வல்லது. நமது என்பு மச்சையில் அது உண்டு; தொப்புட்கொடிக் குருதியிலும் உண்டு. அவற்றை எடுப்பதால் எவரும் உயிரிழப்பதில்லை. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை வளர்த்த அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். திருச்சபை இதைத் தடுத்ததேயில்லை.

தடை வேறோரிடத்தில் உள்ளது. 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர் மனித முளையத்திலிருந்து மூலக்கலங்களைப் பிரித்து வளர்த்தனர். கருக்கட்டி ஐந்தாறு நாளான முளையம் அது. ஏறத்தாழ நூறு கலங்களே கொண்டது. உட்திரளைப் பிரித்தெடுத்தால் முளையம் அழிந்துவிடும். அக்கலங்களோ உடலின் எந்த இழையமாகவும் மாறக்கூடியவை. பாக்கின்சன் நோய், நீரிழிவு, முள்ளந்தண்டுச் சேதம் ஆகியவற்றுக்கு அவற்றில் மருந்து தேடுகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் ஏளனம் செய்யலாகாது. கை நடுக்கத்தால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாத தந்தையை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

நூறு கலம் ஒரு மனிதனா? கேள்வி நியாயமானதே. அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிய புனித தோமஸ் அக்குவினாசே மனித ஆன்மா கருவில் பிந்தித்தான் வருகிறது என்று கருதினார். 1987இல் வத்திக்கான் வெளியிட்ட போதனையும் தத்துவத் தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. கருவான கணத்திலிருந்து அதை மனித ஆளாக மதித்து நடத்தவேண்டும் என்றே பணித்தது. இங்குள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். பாழ்கிணறு ஒன்றை மூட லொறியில் மண்ணோடு வந்து நிற்கிறோம். உள்ளே பிள்ளை விழுந்திருக்கலாம் என்கிறார் ஒருவர். ‘நிரூபித்துக் காட்டு, அதுவரை கொட்டுகிறேன்’ என்போமா?

இதைக் கேட்டபின்பும் நல்ல மனமுள்ள பலர் எழுப்பும் வாதம் ஒன்றுண்டு. 1978இல் இங்கிலாந்தில் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதன்பின் வளர்ந்த முறையில், தாயின் கருப்பையில் வைப்பதற்குத் தேவையானதிலும் கூடுதலான முளையங்களை உருவாக்கி, மிஞ்சியவற்றை உறையவைக்கிறார்கள். “அவை எப்படியும் அழியத்தானே போகின்றன? நோயாளிக்காவது உதவட்டுமே” என்கிறார்கள்.

நாளை இறக்கப்போகும் நோயாளியின் இருதயத்தை இன்றே எடுக்க எந்த வைத்தியரும் துணியார். சாவு நிச்சயம் என்பது கொல்வதற்கு அனுமதியன்று. அதிலும், இங்கே அந்த நிலைக்கு அவற்றைத் தள்ளியவர்கள் நாமே. சோறு மிஞ்சும், துணி மிஞ்சும், பிள்ளை மிஞ்சுமா? இவ்வாறு எழுதுவதால் பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியரை நாம் பழிக்கவில்லை. அவர்களுடைய கண்ணீரை அறைவீட்டில் இருந்து பார்த்திருக்கிறோம். உறைந்துகிடக்கும் முளையங்களை என்ன செய்வது என்பதற்குத் திருச்சபையிடமும் தீர்வு இல்லை. தீர்க்கமுடியாத அநீதி இது என்று 2008ஆம் ஆண்டு ஏடு ஒப்புக்கொண்டது.

யப்பானிய ஆராய்ச்சியாளர் ஷின்யா யமனாக்கா நண்பரின் சிகிச்சை நிலையத்தில் நுணுக்குக்காட்டியூடாக ஒரு முளையத்தைப் பார்த்தார். இதற்கும் தம் புதல்வியருக்கும் இடையில் எவ்வளவு சிறிய வேறுபாடு என்று அவருக்குத் தோன்றியதாம். அவர் முளைய ஆராய்ச்சியை முற்றாகக் கண்டித்தவரல்லர். எனினும் வேறு வழி தேடினார். 2006இல் எலியின் கலங்களையும், 2007இல் மனிதத் தோற்கலங்களையும், நான்கு பரம்பரை அலகுகளைப் புகுத்தி, முளைய மூலக்கலம் போன்றவையாக மாற்றினார். 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நமது வாதம் அவருடைய வெற்றியில் தங்கியிருக்கவில்லை. மாற்றுவழி கிடைத்திராவிட்டாலும் நமது விடை இதுவேதான். அப்போது அதைச் சொல்வது இதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

அந்தத் தாய் புறப்படும்போது, “மகளிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ” என்றேன்.

“கேட்டனான் சுவாமி. ஊசி நோகுமோ எண்டு மட்டும் கேட்டவள், பிறகு ஓம் எண்டிட்டாள்” என்றார்.