மையம் எவருடையது?

ஒரு பொருளின் இயல்பை அறிவதற்கு அதனைத் தனித்து நோக்குதலே தக்க வழி என்பது நம்மிற் பலரின் எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, ஞாயிற்றுத் தொகுதியின் புறவெளியில் உறைபனி போர்த்துச் சுழலும் புளூட்டோவைக் கொண்டு ஆராயலாம்.

1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் திணிவு புவியின் திணிவை ஒத்ததாகலாம் எனக் கருதினர். அரை நூற்றாண்டு அணுகியும் அதனைத் திட்டமாக அளந்தறிய இயலவில்லை. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்ரி என்னும் வானியலறிஞர், ஒளிப்படத் தகடுகளிற் புளூட்டோவின் உருவம் ஒருபுறம் புடைத்திருத்தலைக் கண்டார். தகட்டின் பழுதென ஒதுக்கத்தக்க அப்புடைப்பே சரோன் என்னும் துணை. அது 6.4 நாளுக்கொருமுறை சுற்றிவருதலைக் கொண்டு கணித்தபோதே, இரண்டும் சேர்ந்தும் புவியின் திணிவில் 100இல் ஒரு பங்கிற்கும் மிகக் குறைவு என்பது புலனாயிற்று. துணையே அளவுகோலாயிற்று.

சரோனை உபகோள் என்கின்றோம். புவியும் சந்திரனும் சுற்றும் பொதுமையம் புவியின் உள்ளேயே உளது. ஆதலாற் சந்திரன் புவியைச் சுற்றுகின்றது எனல் ஏறக்குறையப் பொருந்தும். சரோனோ விட்டத்திற் புளூட்டோவின் அரைவாசி. திணிவில் ஏறத்தாழ எட்டிலொன்று. ஆகவே அவற்றின் பொதுமையம் புளூட்டோவின் மேற்பரப்பிலிருந்து 900 கிலோமீற்றருக்கும் அப்பால், வெறுவெளியில் அமைந்துள்ளது. இரண்டும் எதற்கும் உரித்தல்லாத ஒரு புள்ளியையே சுற்றுகின்றன. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் முதல் வரைவு இதனைக் கருத்திற்கொண்டு சரோனையும் கோளென ஏற்க முனைந்தது; இறுதித் தீர்மானத்தில் அவ்விதி இடம்பெறவில்லை. எனினும், பெயரீட்டினால் இயக்கம் மாறுவதில்லை.

விண்ணில் நிகழ்வதைக் கொண்டு மனிதர் ஒழுகவேண்டிய நெறியை விதிக்கலாமோ எனின், விதித்தல் இயலாது. ஈர்ப்புக்கு நீதியுமில்லை; அநீதியுமில்லை. ‘உளது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பது தானே பிறவாது. ஆனால் இத்தடை இருபாலார்க்கும் பொதுவானது. வலியது மையமாய் நிற்க மெலியது சுற்றிவருதலே இயற்கை என்போரும் இயற்கையையே சாட்சிக்கு அழைக்கின்றனர். அச்சாட்சியம் பொய்யென்பதற்குப் புளூட்டோ ஒன்றே போதும். அது சமத்துவத்தை நிறுவவில்லை. பொதுமையம் பெரியதற்கே அணித்தாயுள்ளது. ஆயினும், சிறியதும் பெரியதை அசைக்கின்றது என்பதை மறைக்கவுமில்லை.

எனவே, மையத்தைத் தமக்கே உரித்தாக்கிக்கொள்வோர் அதற்குரிய நியாயத்தைத் தம்மிடமே தேடுதல் வேண்டும், வானத்திடம் அன்று.