இரண்டு சாவிக் கொத்துகள்

முன்பெல்லாம் நம் வியாபாரிகள் இருவர் சந்தித்தால் சீனி விலையைப் பற்றிப் பேச்சு எழும். இப்போதும் சீனியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அது மூட்டையிலிருக்கும் சீனியல்ல, இரத்தத்திலிருக்கும் சீனி. சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு ஆயர் ஈத்தாம் சந்தையை அடுத்த தேநீர்க் கடைகளில் சற்றுக் காது கொடுத்தால் இது விளங்கும். ஒருவர் முழங்கால் வலியைச் சொல்வார். மற்றவர் கண்ணில் புரை எடுத்ததைச் சொல்வார். மூன்றாமவர் இனிப்பில்லாத தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே, "நமக்கென்ன, கடையை மகன் பார்த்துக்கொள்கிறான்" என்பார். சொன்ன வாய் மூடுமுன் கடிகாரத்தைப் பார்ப்பார். கடை திறக்கும் நேரமாயிற்று. சாவி அவர் மடியில் இருக்கிறது.

இந்தச் சாவியைப் பற்றி நாம் சிறிது யோசிப்பது நல்லது.

உத்தியோகம் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1951 முதல் அவருக்குச் சேமநிதி இருந்து வருகிறது. 2013 ஜூலையிலிருந்து, தனியார் ஊழியருக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று இந்நாட்டில் சட்டமாகிவிட்டது. நாள் வந்ததும் மாலை போட்டு, படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடைக்காரனுக்கு மாலை போடுவார் யார்? அவன் ஓய்வு பெறும் நாளை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. அவனேதான் எழுதிக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதை எழுதாமலே சந்தூக்கில் ஏறிவிடுகிறோம்.

வயதானவர்கள் சாவியை விடாததற்குப் பணத்தாசையே காரணம் என்று வாலிபர்கள் பேசிக்கொள்கிறார்கள். இது சரியான தீர்ப்பல்ல என்பது நமது அபிப்பிராயம். காசின் மீது ஆசை உள்ளவர் சிலர் இருக்கலாம். பெரும்பாலோரிடம் இருப்பது ஆசையன்று, பயம். கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, கல்லாப் பெட்டி உண்டு, ஸலாம் சொல்லி நலம் விசாரிக்கும் வாடிக்கைக்காரர் உண்டு. வீட்டில் அவருக்குரிய இடம் எது? பகல் பதினொரு மணிக்கு அவர் தம் வீட்டில் இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. 1786ல் ஆங்கிலேயர் இத்தீவில் கொடியேற்றிய காலந்தொட்டே நம்மவர்கள் இங்கே கடை வைத்திருக்கிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ல் தோன்றியது. இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்தும், நாகூரிலிருந்தும், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ரஜுலா கப்பல் நம்மவரைச் சுமந்தது. அதன் பிறகு சிதம்பரம் கப்பல், 1985ல் அது தீப்பற்றி ஓட்டம் நிற்கும் வரை. பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். இரண்டு வருஷத்துக்கொரு தடவை, மூன்று வருஷத்துக்கொரு தடவை ஊர் போவார்கள். பிறந்த குழந்தை நடந்து வந்து, யாரோ விருந்தாளி என்று எண்ணிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அழைத்து வந்து குடும்பம் நடத்தலாம் என்று எண்ணியவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. 1953ல் குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. 1968ல், பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற சட்டம் வந்தது. ஆகவே எல்லாப் பழியையும் தகப்பன்மார் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

கடல் கடந்தவர்களின் கதை இதுவென்றால், கடலே இல்லாமல் பிரிந்திருந்தவர்களும் நம்மில் உண்டு. ஜார்ஜ் டவுனில் கடை, ஆயர் ஈத்தாமில் வீடு. இடையே நாலைந்து மைல். பிள்ளைகள் விழிக்குமுன் புறப்பட்டு, அவர்கள் உறங்கிய பின் திரும்புகிறவருக்கு அந்த நாலைந்து மைலும் ஒரு வங்காள விரிகுடாதான். வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய 2000ம் ஆண்டுக்குப் பிறகு டவுனிலிருந்த பழைய கடைவீடுகளை விட்டு எத்தனையோ பேர் வெளியேறினார்கள். அப்படி இந்தப் பக்கம் வந்தவர்களில் சிலருக்கு வீடு நெருங்கியது. மனம் மட்டும் பழைய தெருவிலேயே தங்கிவிட்டது. இன்றும் பஸ் ஏறிப் போய், தாம் முன்பு கடை வைத்திருந்த தெருவின் ஐந்தடியில் சும்மா நின்றுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, கேள்விக்கு வருவோம். மாதந்தவறாமல் பணம் அனுப்பியவன் தன் கடமையை முடித்தவனா?

நாம் அனுப்பினோம். வீடு எழும்பியது. பெண்மக்கள் கரையேறினார்கள். பையன்கள் படித்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் இன்று கோலாலம்பூரில் இருக்கிறான், மற்றவன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுகிறது, தவறுவதே இல்லை. ஆனால் தகப்பனார் தேநீர்க் கடையில், "அனுப்புகிறான், ஆனால் இரண்டு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான்" என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அன்பர்களே, பேரேட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். நாம் எந்த நாணயத்தில் கொடுத்தோமோ அதே நாணயத்தில் நமக்குத் திரும்பி வருகிறது. மகன் கணக்கில் பிசகவில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைப் பற்றி ஜும்ஆ நாளில் அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தன்னால் அறிந்த விதத்தில் அதைச் செய்கிறான். அந்த விதத்தை அவனுக்குக் காட்டியவர்கள் நாம்.

அன்பைக் கடன் பாக்கியாக வசூலிக்க முடியாது. நாற்பது வருஷப் பாக்கியை ஒரே தவணையில் கேட்டால் எந்த நல்ல கடன்காரனும் திகைத்துத்தான் போவான். செய்யக்கூடியது ஒன்றுண்டு: அறுபதாம் வயதிலோ எழுபதாம் வயதிலோ, சிறு முதல் போட்டுப் புதிதாகத் தொடங்குவது. நாம் முதன்முதலில் கடை போட்டபோதும் பெரிய முதலோடு தொடங்கவில்லை.

அதற்கு முதலில் அந்தச் சாவி கைமாற வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ரயிலில் நாம் பலமுறை போயிருக்கிறோம். 1923ல் ஓடத் தொடங்கிய ரயில் அது. பழைய வண்டியில் நடு ஸ்டேஷனில் இறங்கி மாற வேண்டும். உச்சி சேர அரைமணி நேரம் பிடிக்கும். 2011ல் வந்த புதிய வண்டி, மாறாமலே சில நிமிஷங்களில் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஆனால் சூத்திரம் அன்றும் இன்றும் ஒன்றே. ஒரு வடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள். மேலிருப்பது இறங்கும்போது அதன் பாரமே கீழிருப்பதைத் தூக்க உதவுகிறது. மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மேலிருப்பது நகரமாட்டேன் என்று நின்றால் கீழிருப்பது ஓர் அடிகூட ஏறாது. ஐம்பது வயதாகியும் ஒரு கொள்முதல் சீட்டில் சொந்தமாகக் கையெழுத்திடாத மகன்மாரை நாம் கண்டிருக்கிறோம். பார்க்கவே பரிதாபமாயிருக்கும்.

மகன்மாரிடமும் சொல்ல வேண்டியது உண்டு. இறங்குகிற வண்டி காலி வண்டியல்ல. யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தத் தவ்கேயின் வாய்ச்சொல் பத்திரத்துக்குச் சமானம், எந்த வாடிக்கைக்காரர் பெருநாள் கழித்துத் தாமாகவே வந்து பாக்கியைத் தீர்ப்பார் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. சாவியை வாங்கிய கையோடு நாற்காலியையும் தூக்கிவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் அத்தா வந்து உட்காரட்டும். ஒரு விஷயத்தை அவரிடம் கேளுங்கள். விடை தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

மகனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கடினமான காரியம் வேறு. வீட்டில் இன்னொரு சாவிக் கொத்து இருக்கிறது. அது மனைவியின் இடுப்பில் இருக்கிறது.

அந்தம்மாள் இருபது வருஷம் தனியே குடும்பம் நடத்தியவர். வந்த பணத்தில் மிச்சம் பிடித்து மனை வாங்கியவர். கொத்தனாரிடம் வாதாடியவர், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டு வைத்தியரிடம் ஓடியவர், மாமியாரைக் கடைசி வரை பார்த்தவர். நம் கடைகளில் எந்த மானேஜரும் அவ்வளவு பொறுப்பைச் சுமந்ததில்லை. அவருக்கு ஒருநாளும் லாபத்தில் பங்கு எழுதப்படவுமில்லை. கடையை விட்டு வீடு வந்து சேர்ந்த பெரியவரோ, மறுநாளே அடுப்படியில் நின்று எண்ணெய் அதிகம், விளக்கு வீணாக எரிகிறது, மருமகள் ஏன் இவ்வளவு நேரம் தொலைபேசியில் பேசுகிறாள் என்று சிப்பந்திகளை அதட்டுவதுபோல் அதட்டத் தொடங்குகிறார். ஒரு மாதத்தில் வீடே, "இவர் கடைக்குத் திரும்பிப் போய்விட்டால் தேவலை" என்று எண்ணுகிறது. அவரும் அதையே எண்ணுகிறார்.

பிறர் கடைக்குள் நுழைகிற புதுச் சிப்பந்தி எப்படி நடந்துகொள்வான்? முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். சொன்ன வேலையைச் செய்வான். ஆறு மாதம் அபிப்பிராயம் சொல்லமாட்டான். கடையில் முதலாளியாயிருந்தவர் வீட்டில் அப்படி இருப்பது சுலபமல்ல என்பது நமக்குத் தெரியும். வெட்கமாகக்கூட இருக்கும். இத்தனை வருஷம் அருகில் இல்லாததற்கு அவரிடம் வருத்தம் தெரிவிக்க வாய் வராதவர்களுக்கு, அவர் நீட்டுகிற பையை வாங்கிக்கொள்வது ஒரு வழி.

ஆயர் ஈத்தாமில் ஒரு பெரியவர் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார். கடையை மகனிடம் விட்டபின் தினமும் காலையில் பையோடு சந்தைக்குப் போகிறார். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சரக்கு விற்றவர் அவர். முதல் வாரம் கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு போனார். வீட்டம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வியாபாரி நீங்க, உங்க தலையிலேயே கட்டிட்டானே!" என்றாராம். தேநீர்க் கடையில் இதைச் சொல்லி அவரே சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்; நல்ல மீன் தீர்ந்துவிடும் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்.