அரியர் விழுந்த வீட்டில்



1905-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான். ரயிலேறி விசாகப்பட்டினம் வரைக்கும் போயிருக்கிறான். வீட்டார் தேடாத இடமில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், பையனைக் காணவில்லை என்று பத்திரிகையிலேயே செய்தி வந்தது.

அதற்கு முந்தைய வருஷம் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற முதல்நிலை வகுப்பில் சேர்ந்த பையன் அவன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியவன். கல்லூரியில் கணக்கைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றான். உபகாரச் சம்பளம் நின்றது. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவர். கையிலிருந்து பணம் கட்டிப் படிக்கவைக்கும் வீடு இல்லை. அம்மா போய்க் கல்லூரி முதல்வரிடம் வாதாடிப் பார்த்தும் பலனில்லை.

அந்தப் பையன்தான் சீனிவாச ராமானுஜன்.

பேரைக் கேட்டதும் உங்கள் மனசு கேம்பிரிட்ஜுக்குப் போயிருக்கும். கொஞ்சம் கும்பகோணத்திலேயே நில்லுங்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று சொல்வதற்காக இந்தக் கதையை நான் எடுக்கவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு இன்னொரு பாரத்தை ஏற்றிவைக்கிறோம். ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பையன் வாய் திறக்க முடியாமல் ரயிலேறினானே, அதுதான் என்னை உறுத்துகிறது. நூற்றிருபது வருஷம் கழித்தும் நம்ம ஊர் வீடுகளில் அதே வாய் அடைப்பு இருக்கிறது.

நன்னிலம் பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கும்பகோணத்துக்கு, திருவாரூருக்கு, ரயிலில் மயிலாடுதுறைக்கு என்று பை மாட்டிய பிள்ளைகள். பாதிப் பேர் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தபிறகு, சென்னை, திருச்சி என்று விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை. ஊரே பேனர் வைத்து அனுப்பிய பிள்ளை. அங்கே முதல் நாளிலிருந்து எல்லாம் ஆங்கிலம். கரும்பலகையில் இருப்பது புரிகிறது. வாத்தியார் வாயிலிருந்து வருவது புரியவில்லை. கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சம். நவம்பரில் பரீட்சை. முடிவு வரும்போது போன் திரையில் மூன்று பாடத்துக்கு நேரே தேறவில்லை என்று நிற்கிறது.

வீட்டிலிருந்து போன். "ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

"இன்னும் வரலப்பா."

இந்த ஒரு பொய்யில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. அரியர் கட்டணத்துக்கு வீட்டில் கேட்க முடியாது, சிநேகிதியிடம் கடன். அந்த மூன்றையும் திரும்ப எழுத வேண்டிய பருவத்தில் புதுப்பாடம் ஆறு. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூச்சப்பட்டு வகுப்புக்குப் போவது குறைகிறது. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே சிக்கல். மூன்று பாடம் ஏழாகும். மூன்றாம் வருஷம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்துதான் வீட்டுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கோபம் மதிப்பெண்ணில் இருக்காது, "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்பதில் இருக்கும். அந்தப் பிள்ளையும் மூன்று வருஷமாக அதே கேள்வியைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும்.

நம்ம ஊரில் நடவு தெரியாதவர் இல்லை. நாற்றங்காலில் கரும்பச்சையாக நின்ற நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றைக் காலில் தட்டி அலசி, முடி கட்டி வயலில் வீசி நடுகிறோம். மறுநாள் போய்ப் பார்த்தால் பயிர் துவண்டு வெளுத்துக் கிடக்கும். ஒரு வாரம், பத்து நாள் அப்படித்தான். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். மூன்றாம் வாரத்திலும் வெளுப்பு போகாமல் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்தால், விதை கெட்ட விதை என்று எந்த விவசாயியும் வயலைத் திட்டுவதில்லை. குனிந்து ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். தண்ணீர் தேங்கி நிற்கிறதா, துத்தநாகம் குறைச்சலா என்று யோசிப்பார். ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் மணலில் கலந்து போடுவார். வயலுக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பிள்ளைக்கும் காட்டலாம் இல்லையா?

பிள்ளைகளிடம் சொல்கிறேன். மனசு ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் விடைத்தாள் நகல் வாங்க வழி இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. வாங்கிப் பாருங்கள். தெரியாமல் விட்டது எது, தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராமல் விட்டது எது என்று கோடு போட்டுப் பிரியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓர் ஆசிரியரிடம் போங்கள். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குக் கணக்கு நடத்திய சேஷு ஐயர், பல வருஷம் கழித்து, பட்டமில்லாத அந்தப் பழைய மாணவனுக்கு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போக அறிமுகக் கடிதம் கொடுத்தார். தோற்ற மாணவனை ஞாபகம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சின்னச் சின்ன ஆறுதல்களுக்கு அடங்காத பாரம் மனசில் ஏறினால், ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துவது, காசில்லை, தமிழில் பேசலாம்.

ஓடிப்போன பையனைப் பற்றி இன்னும் ஒன்று. திரும்பி வந்தான். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ.வுக்குச் சேர்ந்தான். அங்கேயும் உடலியல் பாடம் காலை வாரியது. 1906, 1907 இரண்டு தரமும் தேறவில்லை. 1912-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதற்கு முன்னால், பட்டமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் சில வருஷம் அந்த வீடு அவனை வைத்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றை நான் பெரிதாக நினைக்கிறேன்.

எனக்கும் முதல் பருவத்தில் மூன்று பாடம் போயிற்று. ஜனவரிக் கடைசி. மேட்டூர் அணையை 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள், தாளடிக்கு அதுதான் கடைசித் தண்ணி. ராத்திரி அப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனேன். இருட்டில் முகம் தெரியாது என்பதால் அங்கே சொல்லிவிட்டேன்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

"எத்தனை பேப்பரு?"

"மூணுப்பா."

"திரும்ப எப்ப எழுதணும்?"

"ஏப்ரல்ல."

"பணம் எப்பக் கட்டணும்?"

"மாசி பிறந்ததும்."

"அறுப்பு அதுக்குள்ள ஆவாது. சொசைட்டில கேப்போம்." மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "அந்தாண்ட வரப்பு ஒடைஞ்சிருக்கு பாரு, அதை அடை."

நான் போய் அடைத்தேன். அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.